செங்கோட்டை – கொல்லம்: காரை வீட்டிலேயே விடுங்கள்

தென்காசியிலிருந்து கொல்லத்துக்குப் பத்து வருடம் கார்தான் ஓட்டினேன். மலைப்பாதை வளைவுகளில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்ததுதான் ஞாபகம். மலையைப் பார்த்ததே இல்லை.

இப்போது ரயில்தான். 1904-இல் போட்ட மீட்டர்கேஜ் தடம், 2018-இல் முழுக்க அகலப்பாதையானது. பகலில் மலை ஏறும் வண்டியாகப் பார்த்து எடுங்கள், இது முக்கியம். ஏசி வேண்டாம், கண்ணாடி திறக்காது. இரண்டாம் வகுப்பில் ஜன்னலோரம் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், காடே பச்சையாக இருக்கும்.

செங்கோட்டையில் பரோட்டா பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். பகவதிபுரம் தாண்டியதும் குகை வரும். உள்ளே போனதும் குளிர்காற்று முகத்தில் அறையும், பாறையிலிருந்து நீர் சொட்டும். வெளியே வந்தால் ஆரியங்காவு, கேரளம். அப்புறம் இடப்பாளையம் தாண்டியதும் சாப்பாட்டை மூடி வையுங்கள். கருங்கல்லில் கட்டிய பதின்மூன்று கண் பாலம் வருகிறது. வண்டி மெதுவாகத்தான் போகும், கீழே நாம் கார் ஓட்டிய அதே நெடுஞ்சாலை தெரியும். அம்மா முதன்முறை பார்த்தபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வாசல்படியில் மட்டும் நிற்காதீர்கள். ஜன்னலே போதும்.