மலைப்பாதையில் நார்டிக் நடைக்கோல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாத கோடை மாதங்களிலும் பயிற்சி விட்டுப்போகாமல் இருப்பதற்காகக் கோல்களை ஊன்றி நடந்த பழக்கத்திலிருந்து, பின்லாந்தில் உருவானது நார்டிக் நடை. இதற்கென்றே செய்யப்பட்ட கோல்கள் 1990களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தன. அந்தக் கோலின் வேலை உடலைப் பின்னிருந்து முன்னே உந்துவது. மலையேற்றக் கோலின் வேலையோ உடலின் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு தடுமாற்றத்தைத் தடுப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், சமதளத்தில் பழகிய முறையை அப்படியே மலைக்கும் கொண்டுசெல்கிறோம்; பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலாவது, ஊன்றும் இடம். சமதளத்தில் கோல் பின்சாய்வாக இருக்க, அதன் முனை முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் பதியும். அப்போதுதான் உந்துவிசை கிடைக்கும். இறக்கத்திலும் இதையே செய்பவர், ஏற்கெனவே சரிவு இழுத்துக்கொண்டிருக்கும் உடலைத் தாமே கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறார். இறங்கும்போது கோலை உடலுக்கு முன்னால், ஏறக்குறைய செங்குத்தாக ஊன்றி, அது நழுவாது என்று உறுதிசெய்த பிறகே காலை எடுத்துவைக்க வேண்டும். ஒற்றையடிப் பாதையின் வெளிவிளிம்பில் ஊன்றுவதையும் தவிர்க்க வேண்டும். அங்கே புல்லுக்கு அடியில் மண் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நீளத்தைப் பொறுத்தவரை, உடல் உயரத்தை 0.68ஆல் பெருக்குவது வழக்கம், 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 115 செ.மீ. வரும். இது சமதளக் கணக்கு. செங்குத்தான ஏற்றத்தில் அதே நீளம் கையைத் தோள்வரை தூக்கச் செய்து தோளைக் களைப்பாக்கும். ஆகவே 5 முதல் 10 செ.மீ. வரை குறைக்க வேண்டும். இறக்கத்தில் அதே அளவு கூட்டாவிட்டால் முன்னால் குனிய நேரும். நார்டிக் கோல்களில் பல, நீளத்தை மாற்ற முடியாத ஒற்றைத் தண்டாக வருகின்றன. அத்தகைய கோலை மலைக்கு எடுத்துச்செல்பவர், ஏற்றத்தில் கைப்பிடிக்குக் கீழே தண்டைப் பற்றியும், இறக்கத்தில் கைப்பிடியின் உச்சியில் உள்ளங்கையை வைத்தும் ஓரளவு சமாளிக்கலாம். அடிக்கடி மலைக்குச் செல்பவருக்கு நீளம் மாற்றக்கூடிய கோலே ஏற்றது என்பது என் கருத்து.

அதிகம் கவனிக்கப்படாதது கைவார். நார்டிக் கோலின் வார் பாதிக் கையுறைபோல மணிக்கட்டையும் கட்டைவிரலையும் சுற்றிப் பொருந்துவதால், கை இடுப்பைத் தாண்டிப் பின்னே செல்லும்போது விரல்களை விரித்துவிட்டாலும் கோல் கீழே விழாது. இந்த வசதியைப் பயன்படுத்தாமல் விரல்முட்டிகள் வெளுக்கும் அளவுக்கு இறுகப் பிடித்து நடப்பவர்கள் முழங்கை வலியைத் தேடிக்கொள்கிறார்கள். ஆனால் பாறைகளுக்கு நடுவே இதே வார் எதிரியாகிறது. விழும்போது கை தானாக விடுபடாது. கட்டைவிரல் கைப்பிடியில் சிக்கி முறுக்கிக்கொண்டால் அதன் அடியிலுள்ள தசைநார் கிழியக்கூடும். பனிச்சறுக்கில் இது நன்கு அறியப்பட்ட காயம். சரளைச் சரிவிலும், ஓடையைக் கடக்கும்போதும், கைகளால் பற்றி ஏற வேண்டிய இடங்களிலும் வாரைக் கழற்றிவிட வேண்டும்.

இரு கற்களுக்கு இடையில் முனை சிக்கும் தருணத்தைப் பாருங்கள். கால் அடுத்த அடியை வைத்துவிடுகிறது, வாரில் மாட்டிய கையும் உடன் செல்கிறது, தண்டு கல்லின் விளிம்பில் நெம்புகோலாகிறது. அலுமினியத் தண்டு வளைந்து எச்சரிக்கும். கார்பன் தண்டு வளைந்து காட்டாமலேயே முறிந்துவிடும். நின்று, ஓரடி பின்வாங்கி, நுழைந்த திசையிலேயே முனையை உருவுவதே வழி.

கோலின் முனையில் மாட்டும் ரப்பர் உறை தார்ச்சாலைக்கானது; அதன் மூக்கு, அதாவது நீண்டிருக்கும் பக்கம், பின்னோக்கி இருக்க வேண்டும். ஈர மண்ணிலும் புல்லிலும் அது வழுக்கும் என்பதால், கழற்றிவிட்டு உலோக முனையையே பயன்படுத்த வேண்டும். கழற்றிய உறையைச் சட்டைப்பையில் வைக்காமல் முதுகுப்பையினுள் வைப்பது நல்லது, ஏனெனில் குனியும்போது விழுந்துவிடும் பொருள்களில் இதுவும் ஒன்று.

நீளம் மாற்றும் கோல்களில், தண்டில் குறிக்கப்பட்ட எல்லைக்கோட்டைத் தாண்டி இழுக்கக் கூடாது. இறங்கத் தொடங்குமுன் கோலின்மீது பாரத்தைச் சாய்த்து, பூட்டு நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். மழையில் நடந்து திரும்பினால் பகுதிகளைக் கழற்றித் துடைத்து உலரவைக்க வேண்டும். துருவுக்குப் பயந்து எண்ணெய் தடவினால், திருகிப் பூட்டும் வகைக் கோல் அடுத்த முறை பிடிக்காமல் உள்ளே சரிந்துவிடும்.