எலி நுரையீரலில் பிசிஆர் மக்கர் செய்தபோது

காட்டெலிகளின் நுரையீரல் மாதிரிகளில் நியூமோசிஸ்டிஸ் பூஞ்சையை பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) தேடினால், நகல் உண்டானதைக் காட்டும் பட்டையே ஜெல்லில் விழவில்லை. ‘பூஞ்சை இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம், மனசு ஒப்பவில்லை. அதே டிஎன்ஏவில் எலியின் சொந்த மரபணுவை ஓட்டிப் பார்த்தேன். அதுவும் வரவில்லை! எலிக்குள்ளேயே எலி இல்லையா?

டியூபைத் தூக்கிப் பார்த்தால் லேசான பழுப்பு. நுரையீரலில் ரத்தம் அதிகம். அதிலுள்ள ஹீம் என்ற இரும்புச் சேர்மம், டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதியை முடக்கிவிடும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, கலவையில் ஹீமைப் பிடித்துவைக்கும் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப்) புரதமும் சேர்த்தேன். எலி மரபணு பளிச்சென்று வந்தது, சில மாதிரிகளில் நியூமோசிஸ்டிஸின் மைட்டோகாண்ட்ரிய மரபணுப் பட்டையும்.

நீர்க்கச் செய்தால் சொற்பமான பூஞ்சை நழுவிவிடும், அதனால் முதல் சுற்று நகலுக்குள்ளிருந்தே இரண்டாம் முறையும் நகலெடுக்கும் நெஸ்டட் பிசிஆர்தான் என் தேர்வு. ஆனால் அந்த நகல்கள் மற்ற டியூபுகளில் கலந்துவிடாமல் இருக்க, முதல் சுற்று டியூபைத் திறக்க இடம் தனியாக வேண்டும். கலந்துவிட்டால் தெரியும்படி, மாதிரி டிஎன்ஏ சேர்க்காத டியூபும் கூடவே ஓடட்டும்.