பழைய காரின் அடித்துரு: பூச்சு டப்பாவைத் திறக்கும் முன்

ஐரோப்பியக் கார் வழிகாட்டிகள் பக்கம் பக்கமாகத் திட்டுவது பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பை. பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. நமக்கு வாய்த்தவை கடற்காற்று, ஆண்டு முழுதும் விலகாத ஈரம், அந்தி மழை. மோரிஸ் மைனரோ, டட்சன் 120ஒய்யோ, 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவோ, இங்கே பல பழைய கார்களின் தரைத்தகடு மேலிருந்துதான் அரிக்கத் தொடங்குகிறது. எங்கிருந்தோ ஒழுகிய மழைநீர் கம்பளத்தின் அடியில் ஊறிக் கிடந்து, தகட்டைத் தின்று, கடைசியில்தான் கீழே முகம் காட்டுகிறது. கீழே மட்டும் பூசினால் செலவு வீண். ஆகவே வேலையைக் காருக்குள் தொடங்குவோம்.

1. தண்ணீர் வரும் வழி

இருக்கைகளைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்குங்கள். அடியில் இருக்கும் பஞ்சு மெத்தையைக் கையால் அழுத்துங்கள். ஈரம் தெரிந்தால் கழற்றி எறியுங்கள், காயவைத்துத் திரும்பப் போட வேண்டாம். பிறகு ஒருவரை டார்ச் விளக்குடன் உள்ளே உட்காரவைத்து, முன் கண்ணாடியின் ரப்பர் மேல் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே செல்லுங்கள். எடுத்தவுடன் மேலே ஊற்றினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பிடிபடாது.

கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பள்ளத்தைக் கட்டாயம் பாருங்கள். அங்சானா மரத்தடியில் நிறுத்தும் கார் என்றால் அங்கே இலையும் பூவும் மக்கி, வடிகாலை அடைத்திருக்கும். கதவுகளின் அடியில் உள்ள சிறு துளைகளும் அப்படித்தான். வோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் பின் இருக்கையைத் தூக்கிப் பார்க்கட்டும்: பேட்டரி அங்கேதான் இருக்கிறது, அதன் அமிலம் கசிந்து தரையை அரிப்பது அந்தக் காரின் பிறவி நோய்.

2. தூக்குவது

சமமான சிமென்ட் தரை வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே நுழையக் கூடாது. துருப்பிடித்த இடத்தில் ஸ்டாண்டை வைத்தால் அது தகட்டுக்குள் புகுந்துவிடும். ஏறிப் படுப்பதற்கு முன் காரை ஒருமுறை பலமாக ஆட்டிப் பாருங்கள்.

3. தட்டிப் பார்ப்பது

அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். பிறகு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். கதவுக்குக் கீழே நீளும் பெட்டிப்பகுதி, ஜாக் வைக்கும் இடங்கள், சக்கர வளைவுகள், பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மூட்டுகள் ஆகியவை முக்கியம்.

பழைய தார்ப்பூச்சு வெடித்திருந்தால் சுரண்டி எடுங்கள். வெடித்த பூச்சு, புண்ணின் மேல் கட்டிய ஈரத்துணி போலத் தண்ணீரை உள்ளேயே வைத்திருக்கும். கார் விற்பவர் பளபளக்கும் கறுப்பு அடிப்பகுதியைக் காட்டிப் பெருமைப்பட்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

ஸ்க்ரூடிரைவர் தகட்டைத் துளைத்து உள்ளே போனால் உங்கள் வேலை அங்கே முடிந்தது. அது வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டிய கார். ஃபைபரும் பசையும் வைத்து மூடுவது ஏமாற்று வேலை. இந்தக் கார்களின் பாரத்தைத் தாங்குவதே அந்தத் தகடுதான். பிரேக் குழாயில் துரு குழி விழுந்திருந்தால் தேய்க்க வேண்டாம், புதிதாக மாற்றுங்கள்.

4. துருவை எடுப்பது

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் தொட்டிக்கும் குழாய்க்கும் அருகே கிரைண்டர் கூடாது. அங்கே கையால் கம்பித் தூரிகை மட்டும். மற்ற இடங்களில் கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டலாம். அதன் கம்பிகள் பிய்ந்து அம்பாகப் பறக்கும் என்பதால் கண்ணாடி, முகக்கவசம், கையுறை மூன்றும் வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், தூசியை மூச்சில் விடாதீர்கள். உதிரும் துரு எல்லாம் போய், பளிச்சென்ற இரும்போ இறுக ஒட்டிய பழுப்போ மிஞ்சும்வரை தேயுங்கள்.

குழிகளில் மிஞ்சிய பழுப்புக்கு மட்டும் துரு மாற்றித் திரவத்தை மெல்லியதாகத் தடவுங்கள். இவற்றில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் இருக்கும். துருவோடு வினைபுரிந்து கறுத்த, நிலையான படலமாக மாற்றும். பளிச்சென்ற இரும்பில் இதற்கு வேலை இல்லை. கழுவ வேண்டுமா, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பது டப்பாவுக்கு டப்பா மாறும்; அதில் எழுதியிருப்பதே சட்டம். எஞ்சிய அமிலத்தின் மேல் எபோக்ஸி பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பிசின் பூச்சு) பூசினால் உரிந்து வந்துவிடும்.

5. பூசுவது

பலரும் கெடுத்துக்கொள்வது நேரத்தைத்தான். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசக் கூடாது. தகட்டின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். பினாங்கின் காலை நேரம் இதற்கு ஒத்துவராது: இரவில் குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். வெயில் ஏறியபின், மழை மேகம் கூடுவதற்குள் முடியுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் உத்தமம்.

தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, இரண்டு கலவை எபோக்ஸி பிரைமர் இரண்டு பூச்சு. ஆவியை வடிகட்டும் கவசம் அணியுங்கள், துணிக்கவசம் போதாது. மூட்டுகளில் இடுக்கை அடைக்கும் சீலர் பசை, அதன் மேல் அடிச்சட்டத்துக்கான பெயின்ட். சைலன்சர், பிரேக், ரப்பர் குழாய், கேபிள்கள் மேல் எதுவும் படாமல் முன்பே மறைத்துவிடுங்கள்.

கடைசியாக, மூடிய பெட்டிப்பகுதிகளுக்குள் நீண்ட குழாய் முனையால் மெழுகு தெளியுங்கள். உள்ளே தூரிகை போகாது, ஆனால் துரு போகும். தார்ப்பூச்சைவிட மெழுகை நான் விரும்பக் காரணம், அது வெடிக்காது, கீறினாலும் ஊர்ந்து மூடிக்கொள்ளும். தெளித்தபின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

இனி காரைப் புல்தரையில் நிறுத்தாதீர்கள், ஈரம் காயாமல் உறை போடாதீர்கள். பத்து ஃபெரிங்கி பக்கம் கடலோரம் வசிப்பவர்கள் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடிக்கடி அலசட்டும். செப்டம்பர் மழை பிடிக்கும் முன் ஆண்டுதோறும் ஒருமுறை கம்பளத்தைத் தூக்கிப் பார்த்து, தேய்ந்த இடத்தில் மெழுகைப் புதுப்பித்தால் போதும்.