ஊருக்கு வந்து காதுகுத்து வைக்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் லீவு கிடைத்த தேதிக்கு டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் மதுரைக்குப் போன் பண்ணி "மொட்டை, காதுகுத்து ரெண்டையும் சேர்த்து வச்சிரலாம்ப்பா" என்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்கூல் லீவு விட்டு, ஆபீஸில் அனுமதி வாங்கிக் கிளம்புவதற்குள் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், எங்கள் பக்கம் ஆடியில் காது குத்த மாட்டார்கள். ஆவணி பிறக்கும்போது அங்கே பள்ளி திறக்கிற நேரம். ஆகவே ஆனிக்குள் வருகிற மாதிரி பாருங்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் ஜூன் லீவு வைகாசி, ஆனியிலேயே வந்துவிடும். ஏப்ரல், மே என்றால் சித்ரா பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்காமல் மண்டபம் பேசாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் உங்கள் கார் நகராது, லாட்ஜும் கிடைக்காது.

தேதி முடிவானதும் முதல் போன் தாய்மாமனுக்குப் போக வேண்டும். பெரும்பாலான மனஸ்தாபம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. குரூப்பில் அழைப்பிதழ் படத்தைப் போட்டால் எல்லாருக்கும் சொன்ன மாதிரிதானே என்று நினைக்கிறார்கள், ஆனால் பிள்ளையை மடியில் உட்கார வைக்கப் போகிறவர் அதை நாற்பது பேரோடு சேர்ந்து பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அவர் பிள்ளைக்குத் தோடு எடுக்க வேண்டும், நகைச்சீட்டு எந்த மாதம் முடிகிறது என்று பார்க்க வேண்டும், சீர்த்தட்டு, மேளம், சில ஊரில் கிடா என்று வேலை கிடக்கிறது. இன்னொன்று, நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், "அண்ணே, சீரெல்லாம் வேண்டாம், நீங்க வந்தா போதும்" என்று. திருமங்கலத்தில் ஒரு வீட்டில் இதைக் கேட்ட மாமன் மெல்லிய குரலில் கேட்டது, "ஏம்மா, என்னால முடியாதுன்னு நினைச்சுட்டியா?" செலவைக் குறைக்க நினைத்தால் வேண்டாம் என்று சொல்லாமல், என்ன செய்யலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

பத்திரிகையில் "அன்பளிப்பு தவிர்க்கவும்" என்று அச்சடிப்பது அடுத்தது. மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கம் செய்முறை என்கிற மொய்க் கொடுக்கல் வாங்கல் நீங்கள் சம்பாதிக்கிற டாலருக்கும் திர்ஹாமுக்கும் சம்பந்தமில்லாத கணக்கு, உங்கள் அப்பா எத்தனையோ வருடமாக ஊரில் எல்லார் வீட்டிலும் எழுதிவிட்டு வந்த மொய் இப்போது திரும்பி வருகிறது, அதை வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்? விசேஷம் முடிந்ததும் மொய் நோட்டை போட்டோ எடுத்துக்கொண்டு, அசலை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த வீடுகளில் விசேஷம் வரும்போது உங்கள் பெயரில் யாராவது போய் எழுத வேண்டும், அதுவும் வாங்கியதற்குக் கொஞ்சம் கூட்டி. ஐநூறுக்கு ஐநூறே எழுதினால் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் பல ஊரில் அர்த்தம். அதற்கான பணத்தை அப்பா கேட்கட்டும் என்று இருக்காமல் அவ்வப்போது அனுப்பிவிடுங்கள்.

பிள்ளை விஷயத்துக்கு வருவோம். இறங்கிய மறுநாளே விசேஷம் வைக்காதீர்கள், பகலில் தூங்கி வழிகிற குழந்தை மாலை, மேளச் சத்தம், கத்தி எல்லாவற்றையும் பார்த்து வீறிடும். திரும்பிக் கிளம்புவதற்கு முதல் நாளும் வேண்டாம், காது வீங்கினால் ஆசாரியிடமோ டாக்டரிடமோ காட்ட நாலு நாளாவது கையில் இருக்க வேண்டும். மொட்டைக்குப் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது, நாவிதருக்கு நீங்களாகப் பிரியப்பட்டுக் கொடுப்பது வேறு.

அப்படியே மீனாட்சியம்மன் கோயிலில் குடும்ப போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள், உள்ளே செல்போனுக்கு 2018லிருந்து தடை, வெளியிலேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மத்தியானம் நடையும் சாத்திவிடுவார்கள்.

ஊருக்கு வர முடியாத வருடங்களில் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீடியோ கால்தான். நியூஜெர்சியில் சாயங்காலம் 7 மணிக்குக் கேக் வெட்டினால், கோடையில் இங்கே விடிகாலை 4:30. தாத்தா பாட்டி எழுந்து தலைசீவி உட்கார்ந்திருப்பார்கள்தான், அதற்காக எழுப்ப வேண்டுமா? ஸ்கூலுக்குக் கிளம்புமுன் காலை 7:30க்கு ஒரு சின்னக் கேக்கை வெட்டினால் இங்கே மாலை 5 மணி. நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு அதே நேரம் இங்கே 6 மணியாகிவிடும், தாத்தா கோயிலுக்குக் கிளம்பியிருப்பார், முதல் நாளே சொல்லி வையுங்கள்.