ராணுவத் தளபதிகளைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

குன்னூரில் சீசன் நேரத்தில், பக்கத்து ராணுவக் குடியிருப்பான வெலிங்டன் பக்கம் வண்டி திரும்பினாலே தளபதிகளின் கதை தொடங்கிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பள்ளிக் கட்டுரையிலும் போட்டித் தேர்வுக் குறிப்பிலும் அதையே இறக்கி வைக்கும்போதுதான் சிக்கல். பெரும்பாலான பிழைகள் படையில் வகித்த பதவியையும் அதற்குப் பிறகு வந்த பதவியையும் குழப்புவதால் வருபவை.

நம் ஊரில் அதிகம் தடுக்கி விழுவது பிபின் ராவத் விஷயத்தில். 2021 டிசம்பர் 8 அன்று, வெலிங்டன் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்ற வந்தபோது, நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். ‘ராணுவத் தளபதி மறைந்த இடம்’ என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். அந்தப் பொறுப்பு அவருக்கு 2019 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. விபத்து நடந்தபோது ராணுவத் தளபதி நரவணே. ராவத் 2020 ஜனவரி 1 முதல் முப்படைத் தலைமைத் தளபதி. சரி, அப்படியானால் ‘ஓய்வுபெற்ற ஜெனரல்’ என்று போடலாமா? கூடாது. கடைசி நாள் வரை சீருடையில் இருந்தவர், ராணுவ விவகாரத் துறையின் செயலாளரும்கூட. மூன்று படைகளும் அவர் கட்டளைக்குக் கீழே இருந்தன என்பதும் தவறு. படைகளை நடத்துவது அந்தந்தத் தளபதிகள்தான். இவர் பாதுகாப்பு அமைச்சருக்கு முப்படை விவகாரங்களில் ஆலோசகர். அந்தப் பதவிக்கு வர முன்னாள் ராணுவத் தளபதியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2022-இல் வந்த அனில் சௌஹான் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வுபெற்றிருந்தவர்.

அடுத்து சாம் மானெக்‌ஷா. 1973-இல் ராணுவத் தளபதி பொறுப்பை விட்டபின் குன்னூரில் குடியேறி, 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். 1971 போரின் தளபதி என்பதால் எங்காவது ஆளுநராகவும் இருந்திருப்பார் என்று நாமாக ஊகித்துவிடக் கூடாது. சில கம்பெனிகளில் இயக்குநராக இருந்தார், அவ்வளவுதான். ‘ஓய்வுபெற்ற ஃபீல்டு மார்ஷல்’ என்பதையும் விட்டுவிடுங்கள். ராணுவத்தின் உச்சத் தகுதியான அதற்கு ஓய்வு கிடையாது. ‘ஃபீல்டு மார்ஷல் கரியப்பா தூதரானார்’ என்ற வரியிலும் கவனம் வேண்டும். 1953-இல் ராணுவத் தலைமையிலிருந்து ஓய்வுபெற்று ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தூதராகப் போனபோது அவர் ஜெனரல். ஃபீல்டு மார்ஷல் தகுதி 1986-இல்தான் வந்தது.

தேர்தலில் நின்று ஜெயித்த முன்னாள் ராணுவத் தளபதி வி.கே.சிங். 2012-இல் ஓய்வு, 2014-இல் பா.ஜ.க., அதே ஆண்டு காஜியாபாத் எம்.பி. தளபதியாக இருந்தவர் என்பதாலேயே பாதுகாப்பு அமைச்சர் என்று போட்டுவிடாதீர்கள். அவர் வெளியுறவுத் துறை இணை அமைச்சராகத்தான் இருந்தார். 2025-இல் மிசோரம் ஆளுநரானார். அவரைப்போலவே முன்னாள் ராணுவத் தளபதிகளான ஜே.ஜே.சிங் அருணாசலப் பிரதேசத்துக்கும், கே.வி.கிருஷ்ணா ராவ் ஜம்மு காஷ்மீருக்கு இரண்டு முறையும் ஆளுநராக இருந்தார்கள். ஆளுநர் பதவி நியமனம். தேர்தலோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

நம்மவர் ஒருவரை மறந்துவிடுகிறோம், அல்லது தப்பாக எழுதுகிறோம். மானெக்‌ஷாவுக்கு முன்பு, 1966 முதல் 1969 வரை ராணுவத் தளபதியாக இருந்தவர் பி.பி.குமாரமங்கலம், திருச்செங்கோடு பக்கத்துக் குடும்பம். மத்திய அமைச்சராக இருந்தவர் அவர் தம்பி மோகன் குமாரமங்கலம். மகாராஷ்டிர ஆளுநராக இருந்தவர் அப்பா சுப்பராயன்.