பிரசங்கியார் மறைந்த பிறகு: பேச்சு யாருக்கு, கேசட் யாருக்கு?

குன்னூரில் கேசட் பதிவுக் கடை நடத்தியவன் நான். கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே கன்வென்ஷன் (கிறிஸ்தவப் பிரசங்கக் கூட்டம்) நடந்தாலும் ரிக்கார்டரோடு போய்விடுவேன். கடையை மூடிய பிறகும் ஆட்கள் வருகிறார்கள், சண்டையோடு. இறந்துபோன அப்பாவின் பிரசங்கங்களை யாரோ யூடியூபில் ஏற்றிச் சம்பாதிக்கிறார்கள் என்கிறது குடும்பம். 'ஆண்டவருடைய வார்த்தைக்கு எவன் சொந்தக்காரன்?' என்கிறது சபை. வார்த்தைக்கு எவனும் இல்லைதான். அதை ஒருவர் எடுத்துப் பேசிய பிரசங்கத்துக்கு உண்டு.

முதலில் பேச்சையும் பதிவையும் பிரித்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் சொற்பொழிவு என்பதில் பிரசங்கத்தையும் சேர்த்திருக்கிறது. பொதுவில் பேசிய பேச்சு பேசியவருக்கே சொந்தம். பந்தல் போட்ட கமிட்டிக்கு அல்ல. வேறொருவர் சார்பில் பேசியிருந்தால் மட்டும் அந்த வேறொருவருக்கு. சபைகள் பிடித்துத் தொங்குவது இந்த விலக்கைத்தான். ஆகவே அப்பாவின் நியமனக் கடிதம் இருந்தால் தேடி எடுங்கள். ஒலிப்பதிவு தனிச் சொத்து. முயற்சியும் பொறுப்பும் ஏற்றுப் பதிவு செய்தவருக்குரியது. உதாரணமாக, 1998இல் இறந்தவரின் பேச்சுக்கு 2058 முடிய உரிமை உண்டு. 1984இல் வெளியான கேசட்டுக்கு 2044 முடிய.

அடுத்து கேசட் பெட்டியைத் திறங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். அதை ஓடவிட்டால் பிளேயரின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பாகத்தில்) ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே வையுங்கள். உள் அட்டையை மட்டும் வீசிவிடாதீர்கள். 'கூடலூர், 2ஆம் நாள் இரவு, பி பக்கம் மழைச் சத்தம்' என்று பால்பாயின்ட் பேனாவில் கிறுக்கிய வரி, யார் உட்கார்ந்து பதிவு செய்தார் என்பதற்கு நல்ல சாட்சி. நாடா வாங்கிய பில் கிடைத்தால் இன்னும் பலம்.

அப்பாவின் உரிமை யாருக்குப் போகும்? உயில் இருந்தால் உயில்படி. இல்லாவிட்டால் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மூத்த மகன் ஊழியத்தைத் தொடர்கிறார் என்பதற்காகத் தங்கையின் பங்கு கரைந்துவிடாது. இதைச் சொன்னதும் என் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து போன மூத்த மகன்கள் உண்டு.

'ஐயா எங்களுக்கே கொடுத்துவிட்டார்' என்று யாராவது சொன்னால் கையெழுத்திட்ட காகிதத்தைக் கேளுங்கள். வாய்ச்சொல்லால் உரிமை கைமாறாது. காகிதத்தில் காலம் குறிக்கவில்லையென்றால், இன்றைய சட்டப்படி 5 ஆண்டுதான்.

பதிவு செய்தவர் உயிரோடு இருந்தால் நோட்டீஸ் அனுப்பும் முன் அவரைப் போய்ப் பாருங்கள். அவருடைய பதிவில்லாமல் உங்கள் அப்பாவின் குரல் இல்லை. உங்கள் சம்மதமில்லாமல் அவர் அதை வெளியிட வழியில்லை. வாரிசுகள் அனைவரும் அவரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, வருமானப் பங்கையும் எழுதிவிடுங்கள்.

அந்நியர் யாராவது ஏற்றியிருந்தால் அந்த இணையதளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நம் நாட்டு விதிப்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடியும் திறந்துவிடலாம் என்பதால், புகார் கொடுக்கும்போதே வக்கீலையும் பார்த்துவிடுங்கள். வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆதாரமில்லாமல் மிரட்டல் நோட்டீஸ் விட்டால் எதிராளி உங்கள்மீதே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது.

பிரசங்கத்தை வெட்டி ஒட்டி, அவர் பெயருக்குக் களங்கம் வரும்படி திரித்தால் அதைத் தடுக்கும் உரிமை வேறு. மற்ற உரிமைகளை விற்றுவிட்டாலும் வாரிசுகள் அதைக் கேட்கலாம்.