'வாங்க' என்று சொல்லும் முகம்: சிரித்துப் பழகும் முறை

எங்கள் கொங்குப் பக்கத்தில் உறவுக்குள் வரும் மனத்தாங்கல்கள் பலவும் "போன இடத்துல 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க" என்றுதான் தொடங்கும். விசாரித்துப் பார்த்தால் பல வேளைகளில் அந்தச் சொல் சொல்லப்பட்டிருக்கும். சொன்னவரின் முகம்தான் கைப்பேசியிலோ கல்லாப்பெட்டியிலோ கவிழ்ந்திருக்கும். ஆகவே சிரித்துப் பழக விரும்புகிறவர், அதை 'வாங்க' என்ற சொல்லோடு சேர்த்தே பழகுவது எளிது என்பது என் கருத்து.

செய்துகொண்டிருக்கும் வேலையை ஒரு நொடி நிறுத்துங்கள். வந்தவரின் கண்ணைப் பாருங்கள். அவரை அடையாளம் கண்டபின் சிரியுங்கள்; வார்த்தை அதற்குப் பிறகு வரட்டும். ஈரோட்டு உழவர் சந்தையில் நான் கீரை வாங்கும் அம்மா, நாரால் கட்டிக்கொண்டிருக்கும் கீரைக்கட்டை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், கண்ணோரம் சுருங்கும், பிறகுதான் "வாங்க கண்ணு, அரைக்கீரை இளசா வந்திருக்குது" என்பார். எவ்வளவு சலிப்போடு போயிருந்தாலும் என் முகம் அங்கே இளகிவிடும். எதிரில் இருப்பவரின் முகபாவனையை நம் முகத்தசைகள் நம்மை அறியாமலே மெல்லப் பின்பற்றுவது அதற்கு ஒரு காரணம்.

கண்ணோரச் சுருக்கத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உதட்டோரத்தை இழுக்கும் தசை நாம் நினைத்தாலே அசையும் என்றும், கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சிக்கே இசையும் என்றும் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் எழுதினார். வேண்டுமென்றே அதையும் அசைக்கக்கூடியவர்கள் பலர் உண்டு என்று பின்னர் தெரியவந்தது. ஆயினும் பழகும்போது உதட்டை மட்டும் விரிக்காமல், பிரியமான ஒருவரை மனத்தில் நினைத்துக்கொண்டால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும்.

சொந்த மனநிலைக்குக் கிடைக்கும் பலனை மிகையாக எண்ண வேண்டாம். பேனாவைப் பல்லில் கடித்து முகத்தைச் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டால் கேலிச்சித்திரங்கள் கூடுதல் வேடிக்கையாகத் தோன்றும் என்று காட்டிய 1988-ஆம் ஆண்டுச் சோதனையை 2016-இல் 17 ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2022-இல் வெளியான, 19 நாடுகளைச் சேர்ந்த 3,878 பேர் பங்கேற்ற ஆய்விலோ, சிரித்த முகத்தைப் பார்த்து அவ்வாறே செய்தவர்களுக்கும், உதட்டோரத்தைக் காதை நோக்கி இழுத்துக் கன்னத்தை உயர்த்தியவர்களுக்கும் மகிழ்ச்சி சற்றுக் கூடியது. காலையில் முகம் கழுவியதும் கண்ணாடி முன் சில நொடிகள் இதைச் செய்து பார்க்கலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி பக்கத்து மெஷினில் வந்து அமர்ந்தால், நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பதே அவருக்குப் புரியும் முதல் 'வாங்க' ஆகும்.

துக்க வீட்டிலும், மனம் நொந்திருப்பவரிடமும் சிரிப்பை வற்புறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வுக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே இல்லாத சிரிப்பை வேலைக்காக நாள் முழுவதும் காட்டுவது மனிதரைக் களைக்கச் செய்யும். ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம் "ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?" என்று கேட்காமல், நீங்கள் எழுந்து வந்து "வா அம்மிணி" என்று சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிடுங்கள்.